எளியோர் மனையிற் சமையற் கல்வி

பசித்தவர்க்கு உணவிடுதல் மிகப் பழைய அறம். மணிமேகலையின் கையிலிருந்த அமுதசுரபி அள்ள அள்ளக் குறையாது சுரந்தது என்னும் கதை தமிழ் மக்கள் உள்ளத்தில் இன்றும் நிலைத்திருப்பதற்குக் காரணம், அன்னதானத்தை அவர்கள் அறங்களுள் தலையாயதாகப் போற்றி வந்தமையேயாகும். ஆயின், வறியவர்க்கு உணவு அளிப்பதோடு அமையாது, அவர்கள் கையிலுள்ள சிறு பொருளைக் கொண்டே நல்லுணவு ஆக்கும் முறையைக் கற்பிக்கவும் வேண்டும் என்னும் எண்ணம் அத்துணைப் பழைமையானதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, ஆலைகளும் புகையிரதப் பாதைகளும் பெருகி, நாட்டுப்புற மக்கள் நகரங்களின் நெருக்கமான குடியிருப்புகளில் வந்து குவிந்த காலத்திலேதான் அவ்வெண்ணம் வலுப்பெற்றது. தோட்டமும் கறவைப் பசுவும் வைத்திருந்த குடும்பம், ஒற்றை அறையில் ஒதுங்கி, அரிசி முதல் விறகு வரை அனைத்தையும் காசு கொடுத்து வாங்க வேண்டிய நிலைக்கு வந்தபோது, பாட்டி கற்றுக் கொடுத்த சமையல் பாதி பயனற்றுப் போயிற்று. அந்த வெற்றிடத்தை நிரப்பவே சமையல் வகுப்புகள் தோன்றின. அவற்றின் வரலாறு அடுக்களையின் வரலாறு மட்டுமன்று; கற்பிக்க வந்தவர்கள் கற்பவர்களை அறிந்துகொள்வதற்குப் பட்ட பாட்டின் வரலாறுமாகும்.

இம்முயற்சியின் முற்பகுதியில் உணவளித்தலே மேலோங்கி நின்றது. 1847 ஆம் ஆண்டில், உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்று அழிந்ததால் அயர்லாந்து பெரும் பஞ்சத்தில் வாடியபொழுது, இலண்டன் மாநகரின் புகழ்பெற்ற சமையற்காரரான அலெக்சிஸ் சோயர் என்பவர் டப்ளின் நகருக்குச் சென்று, பேருருவக் கொப்பரை ஒன்றை நிறுவிச் சூப்புக் காய்ச்சி வழங்கினார். மணி அடித்ததும் நூறு பேர் உள்ளே வருவர். மேசையோடு சங்கிலியாற் பிணைக்கப்பட்டிருந்த கரண்டிகளால் அருந்துவர். மணி மீண்டும் ஒலிக்க வெளியேறுவர். அடுத்த நூறு பேர் உள்ளே வருவர். உயிர் காக்கும் பணி அது என்பதில் ஐயமில்லை. எனினும், அந்தச் சூப்பு உடலைத் தாங்கும் வலிமை உடையதுதானா என அக்காலத்து வைத்தியர்கள் வினாவினர். பின்னர் 1854 ஆம் ஆண்டில், எளிய மக்களுக்கென ஒரு சிலிங் விலையிற் சமையல் நூல் ஒன்றையும் சோயர் வெளியிட்டார். அதற்கு இரண்டு ஆண்டுகளின் முன்னர், விக்டோரியா மகாராணியாரின் அரண்மனையில் ஒருகாற் சமையற் பொறுப்பு வகித்த பிரான்கத்தெல்லி என்பவரும் தொழிலாளர் குடும்பங்களுக்கென நூல் ஒன்றை எழுதியிருந்தார். அந்நூலின் தொடக்கமோ, குடும்பத்தினர் பணம் சேமித்து வாங்க வேண்டிய அடுப்பு, பாத்திரங்கள் முதலியவற்றின் விலைப் பட்டியலாக அமைந்தது. வாரக் கூலியில் மிச்சம் காணாத மனைவி அப்பட்டியலைக் கண்டதும் நூலை மூடி வைத்திருப்பாள் என்பதை ஊகித்தல் அரிதன்று. மேலும், எழுத்தறியாதவளுக்கு நூலினாற் பயன் யாது? ஆகவே நேரிலே செய்துகாட்டிக் கற்பிக்கும் வகுப்புகள் வேண்டியனவாயின.

அத்தகைய வகுப்புகள் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே படிப்படியாக வளர்ந்த முறையும், அங்கே அவை கண்ட தடைகளும் நம் கவனத்துக்கு உரியன. ஏனெனில், ஏழை மக்கள் அவ்வகுப்புகளை எதிர்நோக்கியபோது மூன்று வினாக்களைத் தொடுத்தனர். முதலாவது கூலியைப் பற்றியது. இரண்டாவது சுவையைப் பற்றியது. மூன்றாவது மானத்தைப் பற்றியது. அவ்வினாக்களை எழுப்பியவர்கள் படியாத மக்கள்; விடைகாணத் தடுமாறியவர்கள் கற்றறிந்த பெருமக்கள்.

முதல் வினா நியூயோர்க் நகரில் எழுந்தது. 1873 ஆம் ஆண்டிற் பெரும் வங்கி ஒன்று முறிந்ததைத் தொடர்ந்து அந்நாட்டின் வாணிகம் நிலைகுலைந்தது, ஆலைகள் மூடப்பட்டன, வேலையிழந்த மக்கள் வீதிகளில் அலைந்தனர். அவ்வேளையில், வேலை தேடும் பெண்களுக்கு இலவசமாகத் தொழில் கற்பிக்கும் பாடசாலை ஒன்று நியூயோர்க்கில் நிறுவப்பட்டது. அதன் செயலாளராகப் பணியாற்றியவர் யூலியற் கோர்சன் என்னும் மாது. 1841 ஆம் ஆண்டிற் பிறந்த இவர், இளமையிலேயே தாயை இழந்து, தமது உழைப்பாற் பிழைக்க வேண்டியவராகி, தொழிற் பெண்களுக்கான நூலகம் ஒன்றிற் சொற்பச் சம்பளத்துக்குப் பணிபுரிந்தவர். வறுமை என்பதை இவர் ஏட்டிற் படித்து அறிந்தவரல்லர். சமையலறிவையோ பெரும்பாலும் ஏட்டிலிருந்தே பெற்றார். தாம் படித்தறிந்ததைப் பிறர்க்குக் கற்பிக்க எண்ணி, 1876 ஆம் ஆண்டில் நியூயோர்க் சமையற் பாடசாலையைத் தொடங்கினார். செல்வர் வீட்டுப் பெண்களுக்கு ஒரு வகுப்பு, கூலிக்குச் சமைப்போர்க்கு ஒரு வகுப்பு, தொழிலாளரின் மனைவியர்க்கும் புதல்வியர்க்கும் ஒரு வகுப்பு என அவர் பிரித்து நடத்தினார். பொருளுடையோரிடம் கூடுதலாகவும் இல்லாதோரிடம் மிகக் குறைவாகவும் கட்டணம் பெற்றார்.

அடுத்த ஆண்டு, அதாவது 1877 இல், புகையிரதக் கம்பனிகள் தொழிலாளரின் கூலியை மீண்டும் மீண்டும் குறைத்தன. யூலை மாதத்தில் மூண்ட வேலைநிறுத்தம் மாநிலம் மாநிலமாகப் பரவியது, படையினர் அழைக்கப்பட்டனர், பலர் மாண்டனர். அந்தக் கொந்தளிப்பு அடங்குமுன்னரே, ஆறு பேர் கொண்ட குடும்பத்துக்குப் பதினைந்து சதத்தில் ஒரு வேளைப் பேருணவு ஆக்கும் முறைகளைக் கூறும் சிறு நூல் ஒன்றைக் கோர்சன் எழுதினார். நாளொன்றுக்கு ஒன்றரை டொலரோ அதற்குக் குறைவாகவோ உழைப்பவர் வீட்டுக்கென்றே எழுதப்பட்டது அது. அவரை, பயறு, அரிசி, மக்ரோனி ஆகியவற்றை எவ்வாறு சுவையாக ஆக்குவது, இறைச்சி அவித்த நீரைக் கொட்டிவிடாது அடுத்த வேளைக்கு எவ்வாறு பயன்படுத்துவது என்பன போன்ற செய்திகளை அது எளிய நடையில் விளக்கியது. ஐம்பதினாயிரம் பிரதிகளைத் தமது செலவிலேயே அச்சிடுவித்து அவர் இலவசமாக வழங்கினார்.

நன்றியை எதிர்பார்த்த இடத்திற் சினம் எழுந்தது. தொழிலாளர்க்காகப் போராடியவர்களுட் பலர் அச்சிறு நூலைக் கண்டித்தனர். அவர்களின் வாதம் இதுதான்: பதினைந்து சதத்தில் ஒரு குடும்பம் உண்ண முடியும் என்று நிறுவிக் காட்டினால், முதலாளி அதைக் கையில் எடுத்துக்கொண்டு கூலியை மேலும் குறைப்பான், சிக்கனம் கற்பிப்பவர் தொழிலாளிக்கு நன்மை செய்கிறவர் போலத் தோன்றினும், முடிவில் முதலாளிக்கே உதவுகிறார். கூலி வெட்டப்பட்ட அந்த ஆண்டிலே இவ்வச்சத்தை வீண் அச்சம் என ஒதுக்கிவிட இயலாது. ஆயினும் கோர்சனின் பக்கத்திலும் நியாயம் இருந்தது. கூலி உயரும் நாள் என்று வருமென எவரும் அறியார். அன்று மாலை அடுப்பை மூட்ட வேண்டிய தாயோ அந்நாள் வரை காத்திருக்க முடியாது. பசித்த குழந்தைக்கு முன்னாற் பொருளியல் வாதம் செல்லாது. இந்த இரண்டு நியாயங்களையும் ஒருங்கே ஏற்றுக்கொள்வதே அறிவுடைமை. சமையற் கல்வி கூலிக்கு ஈடாகாது. கூலி உயர்வும் சமையலறிவுக்கு ஈடாகாது. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பவர் எவராயினும், ஏழையின் சட்டியிலிருந்து ஒரு பிடியைக் குறைப்பவரேயாவர். உடல்நலம் குன்றியதாற் கோர்சன் 1883 ஆம் ஆண்டிற் பாடசாலையை மூட நேர்ந்தது. 1897 ஆம் ஆண்டில் அவர் காலமானார். அவர் முன் வைக்கப்பட்ட வினா மட்டும் பின்னர் வந்த ஒவ்வொருவரையும் தொடர்ந்தது.

இரண்டாவது வினா பொஸ்ரன் நகரில் எழுந்தது. அங்கே மசச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற் பட்டம் பெற்ற முதற் பெண்மணியாகிய எலன் றிச்சர்ட்ஸ் என்னும் இரசாயன அறிஞர், உணவை விஞ்ஞான முறையில் ஆராய்ந்து வந்தார். அவரும், ஜேர்மனியிற் சில காலம் வாழ்ந்து அங்குள்ள மக்கள் சமையற்கூடங்களைக் கண்டு வந்த மேரி ஏபெல் என்பவரும் கூடி, 1890 ஆம் ஆண்டில், நியூ இங்கிலாந்துச் சமையற்கூடம் என்னும் பெயருடன் நிலையம் ஒன்றைத் திறந்தனர். அது உணவு விற்கும் இடமாகவும் கற்பிக்கும் இடமாகவும் ஒருங்கே அமைந்தது. தூய்மையாக விளங்கிய அந்த அடுக்களையை வருவோர் யாவரும் உள்ளவாறே பார்க்கலாம், பார்த்துக் கற்றுக்கொள்ளலாம், சமைத்த உணவை மலிவான விலைக்கு வாங்கித் தத்தம் வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். இறைச்சிச் சாறு, பட்டாணிச் சூப்பு, மீன் கஞ்சி, சோளமாவுப் புடிங் ஆகியன அங்கு ஆக்கப்பட்டன. இன்று ஆக்கியது போலவே நாளையும் சுவையும் சத்தும் மாறாதிருக்க வேண்டுமென, ஒவ்வொன்றும் நிறுத்தும் அளந்தும் பல முறை சோதிக்கப்பட்டது.

அங்கே பயன்படுத்தப்பட்ட அடுப்பும் புதுமையானது. எட்வேட் அற்கின்சன் என்னும் வணிகர் அமைத்த அலாவுதீன் அடுப்பு என்பது, மண்ணெண்ணெய் விளக்கொன்றின் வெப்பத்தைப் பெட்டிக்குள் அடக்கி, பல மணி நேரம் மெல்ல மெல்ல வேகவைக்கும் கருவி. மலிவான கடின இறைச்சியும் அதில் மெதுமையுறும். எரிபொருட் செலவோ மிகக் குறைவு. கருவி சிறந்ததுதான். ஆனால் ஏழை வீட்டினர் அதை வாங்கவில்லை. அதன் விலை அவர்கட்கு எட்டாதது என்பது ஒரு காரணம். பனி உறையும் குளிர்காலத்தில், சமைக்கும் இரும்பு அடுப்பே அவர்களின் வீட்டுக்கு வெம்மை தருவதும் ஆகும் என்பது மற்றொரு காரணம். வெப்பத்தை வெளியே விடாத அடுப்பு, சிக்கனக் கணக்கில் வெற்றி பெற்றாலும், குளிரில் நடுங்கும் குழந்தைக்கு உதவாது.

அடுப்பைப் போலவே உணவும் ஏற்கப்படவில்லை. அச்சமையற்கூடம் யாருக்கென அமைந்ததோ அந்தப் புலம்பெயர்ந்த மக்களில் இத்தாலியர், அயர்லாந்தினர், கிழக்கு ஐரோப்பிய யூதர் எனப் பல இனத்தவர் இருந்தனர். வெங்காயமும் பூண்டும் காரமும் மணமும் பழகிய நாவுக்கு, உறைப்பற்ற அந்தச் சோளமாவுப் புடிங் நோயாளியின் உணவாகவே தோன்றிற்று. அதை ஊட்டித் தம்மை நியூ இங்கிலாந்து நாட்டவராக மாற்றிவிட இயலாது என்று சிலர் வெளிப்படையாகவே மறுத்துரைத்தனர். சிக்காக்கோ நகரிலும் இதுவே நடந்தது. அங்கே ஜேன் அடம்ஸ் அம்மையார் தம் தோழியுடன் 1889 ஆம் ஆண்டில் நிறுவிய ஹல் இல்லம், தொழிலாளர் வாழும் நெருக்கமான பகுதியில், அவர்களிடையே வாழ்ந்து பணியாற்றும் கற்றோரின் உறைவிடமாக விளங்கியது. பொஸ்ரன் முறையைக் கற்று வருமாறு ஒருவரை அனுப்பி, 1893 ஆம் ஆண்டிற் பொதுச் சமையற்கூடம் ஒன்றை அவ்வில்லத்தார் திறந்தனர். அயலிலுள்ள பெண்ணொருத்தி அவ்வுணவு சத்துள்ளது என்பதை ஒப்புக்கொண்டாள். ஆனால் சத்துள்ளதை அல்ல, தனக்கு விருப்பமானதையே உண்ண விரும்புவதாகவும் ஒளிவின்றிக் கூறிவிட்டாள். இதனை அடம்ஸ் அம்மையாரே பின்னாளிற் பதிவு செய்து, அம்மக்களின் வழிவழி வந்த சுவை வேறுபாடுகளைத் தாங்கள் கணக்கிற் கொள்ளவில்லை என ஒப்புக்கொண்டார். தவற்றை மறைக்காது எழுதி வைத்த அந்த நேர்மையே அவரைப் பிற்காலத்திற் பெருமைப்படுத்தியது.

அப்பெண்ணின் விடையைப் பேதைமை என எண்ணிவிடலாகாது. அக்கால விஞ்ஞானம் உணவிலே புரதம், கொழுப்பு, மாப்பொருள் ஆகிய மூன்றையும், உணவு தரும் வெப்ப அளவையும் மட்டுமே அளந்தறிந்திருந்தது. கீரையிலும் பழத்திலும் இவை சிறிதளவே உள்ளமையால், ஏழை தன் காசை அவற்றிற் செலவிடுதல் வீண் என அறிஞர்கள் போதித்தனர். இத்தாலியத் தாயோ, வீணர் என்று பெயர் பெற்றும், பச்சை இலைகளையும் தக்காளியையும் விடாது வாங்கினாள். உயிர்ச்சத்து என்னும் பெயரே 1912 ஆம் ஆண்டிற் காசிமிர் பங்க் என்னும் அறிஞர் வழங்கிய பின்னர்தான் உலகுக்கு வந்தது. கீரையும் பழமும் உடலுக்கு இன்றியமையாதன என்பது அதன் பின்னரே துலங்கியது. ஆசிரியையின் கரும்பலகையில் இடம் பெறாத உண்மை ஒன்று மாணவியின் சட்டியில் இருந்தது. ஆசிரியத் தொழிலில் இருப்போர் யாவரும் நெஞ்சிற் பதிக்கத் தக்க செய்தி இது. இவ்விடத்து நியாயத்தின் பொருட்டு இன்னொன்றும் கூறல் வேண்டும். பொஸ்ரன் சமையற்கூடம் முற்றிலும் தோல்வியுறவில்லை. 1894 ஆம் ஆண்டு முதல் அந்நகரின் உயர்தரப் பாடசாலை மாணவர்க்கு மதிய உணவு வழங்கும் பொறுப்பை அது ஏற்றது. பாடசாலை உணவுத் திட்டங்களின் முன்னோடிகளுள் ஒன்றாக அது இன்று மதிக்கப்படுகிறது.

மூன்றாவது வினா வாயால் வினவப்பட்டதன்று. ஒரு வாயிலால் வினவப்பட்டது. அதுவும் ஹல் இல்லத்தில் நிகழ்ந்ததே. அவ்வில்லத்தின் சமையல் வகுப்புக்கு இத்தாலியக் குடும்பமொன்றைச் சேர்ந்த சிறுமி ஒருத்தி சனிக்கிழமை மாலைகளில் வருவாள். புதிய நாட்டின் சமையலை அவள் ஆர்வத்தோடு கற்றாள். அதே மாலைகளில் அவளுடைய தாயும் அவ்வில்லத்துக்கு வருவாள். 1900 ஆம் ஆண்டில் அங்கு நிறுவப்பட்ட தொழிற் காட்சிச்சாலையிற் கைத்தக்கிளியால் நூல் நூற்றுக் காட்டுவது அவளது பணி. தலையிலே நாட்டுப்புறத் துணியும், பழைய மாதிரிப் பாவாடையும் அணிந்த அத்தாயுடன் ஒரே வாயிலால் நுழைவதற்கு மகள் நாணினாள். ஆதலின் தாய் ஒரு வாயிலாலும் மகள் வேறொரு வாயிலாலும் உள்ளே வருவர். ஒரு நாள், கல்வித் துறையினர் சிலர் தாயைச் சூழ்ந்து நின்று அவளது கைத்திறனை வியந்து பாராட்டுவதை மகள் கண்டாள். தன் தாய் அவ்வளவு சிறந்தவளா என அடம்ஸ் அம்மையாரிடம் வினவினாள். அம்மையாரும், அத்தாய் பிறந்து வளர்ந்த மலைநாட்டுக் கிராமத்தின் வாழ்வையும், அவள் வழிவழியாகப் பெற்ற கலையையும் எடுத்துரைத்தார். அதன் பின்னர், தாய் தன் பெட்டியிற் பூட்டி வைத்திருந்த கைத்தறி ஆடைகளை வெளியே எடுத்து அணிய மகள் இசைந்தாள். இருவரும் ஒரே வாயிலால் வரலாயினர்.

சமையல் வகுப்புத் தன்னையறியாது செய்த தீங்கு ஒன்றை இந்நிகழ்ச்சி வெளிப்படுத்துகிறது. மகளுக்குப் புதியதைக் கற்பிக்கும்போது, தாயின் கையறிவு பழையது, பயனற்றது என்னும் எண்ணத்தையும் அவளுக்கு ஊட்டிவிட்டால், வீட்டில் ஒரு நல்ல உணவு கூடலாம். ஆனால் அவ்வுணவைச் சுற்றி அமரும் குடும்பம் பிளவுபடும். ஒன்றைப் பெறுவதற்கு மற்றொன்றை இழக்குமாறு ஏழைகளைப் பணித்தல் கல்வியன்று. அடம்ஸ் அம்மையார் இதனை உணர்ந்தமையாலேயே, தாயர்க்குத் தெரிந்த தொழில்களைப் பிள்ளைகள் கண்டு மதிக்குமாறு அக்காட்சிச்சாலையை அமைத்தார். 1931 ஆம் ஆண்டிற் சமாதானத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

இம்மூன்று வினாக்களுக்கும் ஓரளவு விடை கண்ட முயற்சிகளுள் ஒன்று மில்வோக்கி நகரில் நடந்தது. அங்கே, உருசியாவிலிருந்து ஏதிலிகளாக வந்த யூதக் குடும்பங்களுக்கென 1900 ஆம் ஆண்டிற் குடியேற்ற நிலையம் ஒன்று அமைந்தது. அதனை நடத்தியவர்களுள் முதன்மையானவர் லிசி கான்டர் என்னும் மாது. இவரும் ஜேர்மனியிலிருந்து முன்னர் குடியேறிய யூத மரபினர். அந்நிலையத்தின் சமையல் வகுப்பில் மாணவியர் கரும்பலகையில் எழுதப்பட்ட பாடங்களைப் பார்த்து எழுதுவதிலேயே பொழுது போயிற்று. பாடங்களை அச்சிட்டுக் கொடுத்தால் அந்நேரத்தை அடுப்பருகே செலவிடலாம் எனக் கான்டர் எண்ணி, அதற்கெனப் பதினெட்டு டொலர் தருமாறு நிலையத்தின் நிருவாக சபையிலிருந்த ஆடவரைக் கேட்டார். அவர்கள் மறுத்துவிட்டனர். கான்டரும் தோழியரும் சோர்ந்தாரல்லர். ஊர்க் கடைக்காரர்களிடம் விளம்பரங்கள் சேகரித்து, 1901 ஆம் ஆண்டில் ஆயிரம் பிரதிகளை அச்சிடுவித்தனர். அமெரிக்க உணவு முறைகளோடு, யூதரும் ஜேர்மனியரும் தத்தம் வீடுகளில் ஆக்கும் பண்டங்களும் அந்நூலில் இடம் பெற்றன. புதிய நாட்டைக் கற்கவந்தவள், தன் பாட்டியின் பண்டத்தையும் அதே ஏட்டிற் கண்டாள். நூல் பதிப்புக்கு மேற் பதிப்பாக வெளிவந்து, காலப்போக்கில் இருபது இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்பனையாயிற்று. அதன் வருவாயைக் கொண்டு புதிய நிலையத்துக்கு நிலம் வாங்கப்பட்டது. 1911 ஆம் ஆண்டிற் புதிய கட்டடமும் எழுந்தது. பதினெட்டு டொலர் மறுக்கப்பட்ட வகுப்பு, தன்னை மறுத்த நிலையத்துக்கே மனை தேடிக் கொடுத்தது.

இதே காலத்தில், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வட எல்லைக்கு அப்பாலுள்ள கனடாவில் வேறொரு வழி திறந்தது. ஒன்ராறியோ மாகாணத்தைச் சேர்ந்த அடிலெய்ட் ஹூட்லெஸ் என்னும் தாய், 1889 ஆம் ஆண்டிற் கைக்குழந்தை ஒன்றை இழந்தார். தூய்மை கெட்ட பாலே அதற்குக் காரணம் எனச் சொல்லப்படுகிறது. வீட்டறிவு இல்லாமையால் இன்னொரு தாய் அழக்கூடாது என உறுதி பூண்ட அவர், பாடசாலைகளில் மனையியல் கற்பிக்கப்பட வேண்டுமெனப் பாடுபட்டார். 1897 ஆம் ஆண்டு பெப்ரவரி 19 ஆந் திகதி, ஸ்ரோனி கிறீக் என்னும் சிற்றூரில் அவர் பேச்சைக் கேட்கக் கூடிய நூற்றொரு பெண்கள் உலகின் முதலாவது மாதர் கழகத்தை அமைத்தனர். இக்கழகத்தின் சிறப்பு யாதெனில், இங்கே கற்பிப்போர் ஒரு சாரார், கற்போர் மற்றொரு சாரார் என்னும் பிரிவு இல்லை. தலைவியும் உறுப்பினரும் அவ்வூர்ப் பெண்களே. இன்று பாண் சுடும் முறையைச் சொல்லிக் கொடுத்தவள், நாளை குழந்தை வளர்ப்பை மற்றொருத்தியிடம் கேட்டறிவாள். 1915 ஆம் ஆண்டில் இவ்வியக்கம் பிரித்தானியாவிலுள்ள வேல்ஸ் நாட்டுக்கும் பரவியது.

அந்த ஒன்ராறியோ மாகாணத்திலே 1873 ஆம் ஆண்டிற் பிறந்து, வைத்தியக் கல்வி பயின்று, 1896 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தவர் மேரி இரட்ணம் அம்மையார். மிஷன் வைத்தியராக வந்த அவர், இலங்கைத் தமிழர் ஒருவரை மணந்து, மிஷன் பணியை விட்டு நீங்கிக் கொழும்பிலே வைத்தியத் தொழில் நடத்தினார். நோயாளிகளைக் காணும் வைத்தியர்க்கு ஓர் உண்மை விரைவிற் புலப்படும்: மருந்துச் சீட்டினால் மாறாத நோய்கள் பல, அடுக்களையிலே பிறக்கின்றன. அவர் பாடசாலைகளுக்கென உடல்நல நூல்கள் எழுதியதும், பெண்களின் வாக்குரிமைக்காக உழைத்ததும், கிராமப் பெண்களின் பக்கம் திரும்பியதும் ஒரே நோக்கின் கிளைகளாகும். 1930 ஆம் ஆண்டில், தம் தாய்நாட்டு மாதர் கழகங்களை முன்மாதிரியாகக் கொண்டு, லங்கா மகிளா சமிதியை அவர் நிறுவினார். கிராமந்தோறும் பெண்கள் கூடிச் சமையல், போசாக்கு, குழந்தைப் பராமரிப்பு, வீட்டுத் தோட்டம், தையல், நெசவு ஆகியவற்றைக் கற்கும் அமைப்பாக அது வளர்ந்தது. மறு ஆண்டிலேயே, 1931 இல், இலங்கைப் பெண்களுக்கும் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. வாக்குச்சீட்டைக் கையில் ஏந்திய கிராமப் பெண்ணுக்கு, கூட்டத்திற் கூடிப் பேசவும் கணக்கு வைக்கவும் பயிற்சி அளித்த முதற் பள்ளியாகச் சமிதி பல இடங்களில் விளங்கியது. 1958 ஆம் ஆண்டில் அம்மையாருக்கு மக்சைசை விருது வழங்கப்பட்டது. 1962 ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

இலங்கைக் கிராமத்திற் சமையற் கல்வி அளிக்க முனைவோர்க்குப் பொஸ்ரன் நகரத்துப் பாடம் மிகவும் வேண்டியது. இங்குள்ள தாயின் கையறிவிலும் விஞ்ஞானம் பின்னர் வந்து ஒப்புக்கொண்ட உண்மைகள் உள்ளன. முற்றாகத் தீட்டிய வெள்ளரிசியை மட்டும் உண்போர்க்குப் பெரிபெரி என்னும் நோய் வருதலையும், தவிடு அந்நோயைத் தடுத்தலையும் யாவாத் தீவில் ஐக்மன் என்னும் ஒல்லாந்த வைத்தியர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் கண்டறிந்தார்; அதன் பொருட்டு 1929 ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. நம் கிராமத்துத் தாயோ நெல்லைப் புழுக்கிக் குற்றும் வழக்கத்தை அதற்கு நெடுநாள் முன்னரே கைக்கொண்டிருந்தாள். புழுக்கும்போது தவிட்டின் சத்து அரிசிக்குள் இறங்குகிறது என்பது ஆராய்ச்சியாளர் பின்னர் உரைத்த விளக்கம். வேலியோரத்து முருங்கையிலையும், தோட்டத்துப் பொன்னாங்காணியும், கூழுக்குள் இடும் பயற்றங்காயும் ஏழையின் உணவென இகழப்பட்டன; அவை சத்து மிகுந்தன என இன்று எல்லோரும் உரைக்கின்றனர். அதே வேளையில் தாயின் வழக்கங்கள் யாவும் சரியானவை என்பதும் இல்லை. கீரையை நெடுநேரம் அவித்து அந்நீரை வடித்துக் கொட்டுதல், நோயுற்ற குழந்தைக்கு நீரும் உணவும் மறுத்தல் போன்றவை மாற வேண்டியனவே. எதைப் பேணுவது, எதை மாற்றுவது என்பதை வகுப்பில் இருவரும் கூடியிருந்து தீர்மானிக்க வேண்டும்.

இவ்வரலாறு பழங்கதையன்று. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது, இலங்கையில் உணவுப் பொருள்களின் விலையேற்றம் ஓராண்டில் 90 வீதத்தையும் விஞ்சியது. எரிவாயுவுக்கென மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். கொழும்பின் எளியோர் வாழும் பகுதிகளிற் சமுதாயச் சமையற்கூடங்கள் தோன்றின. சோயரின் கொப்பரைக்கு இருந்த தேவை நம் காலத்திலும் மீண்டும் வந்தது. அத்தகைய வேளைகளில் முதலில் உணவு கொடுத்தல் வேண்டும். கொடுத்த பின்னர் கற்பித்தலும் வேண்டும். கற்பிக்கச் செல்பவர் கோர்சனுக்கு எழுந்த வினாவை மறவாது, சிக்கனத்தைப் பற்றிப் பேசும் அதே வாயால் நியாயமான கூலியையும் பேச வேண்டும். பொஸ்ரனை மறவாது, அம்மக்களின் நாவுக்குப் பழகிய சுவையிலிருந்தே பாடத்தைத் தொடங்க வேண்டும். ஹல் இல்லத்துச் சிறுமியை மறவாது, அவளுடைய தாயையும் வகுப்புக்கு அழைத்து, ஆசிரியையின் அருகில் ஓர் இருக்கை இட வேண்டும். தாயும் மகளும் ஒரே வாயிலால் வந்து போகும் வகுப்பே, அடுப்பு அணைந்த பின்னரும் அவ்வூரில் நிலைத்திருக்கும்.